ரகுவுக்குப் போட்ட முதல் இலை

"அம்மா, ரேடியோவுல பேசுறவங்கல்லாம் எப்ப சாப்பிடுவாங்க?"

ஜெனிஃபர் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. வாய் நிறையச் சோறு. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு, அவர்கள் பெங்களூருக்கு வந்து விவேக் நகரில் வாடகைக்குக் குடியேறியிருந்த புதிது. கேட்டது அம்மா ஜோசஃபினை. பதில் சொன்னது அப்பா தாஸ்.

"பாட்டு ஓடும்போது சாப்பிடுவாங்க. பின்ன எதுக்கு நடுவுல நடுவுல பாட்டு வெக்கிறாங்கன்னு நெனச்சே?"

ஜெனிஃபர் அதை ஒரு வருஷம் நம்பினாள். ஜோசஃபின் போன ஜனவரி வரை நம்பினாள்.

குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளி, வீட்டு ஓனர் கிருஷ்ணப்பாவின் காம்பவுண்டு இருக்கிறது. ஆறு வீடுகள், நடுவில் ஒரு சிமெண்டுத் தளம், ஒரே ஒரு காவிரித் தண்ணீர்க் குழாய். ஜோசஃபின் வீட்டுக்கு எதிர்வீடு சின்னத்தாயுடையது. அவளும் தங்கவயல்காரிதான். அங்கே மாரிகுப்பத்தில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து லைன். இவர்கள் கிறிஸ்தவர்கள், அவர்கள் பௌத்தர்கள். சின்னத்தாய் வீட்டுக்குள் நுழைந்தால் எதிர்ச்சுவரில் புத்தரும் அம்பேத்கரும் ஒரே சட்டத்துக்குள் இருப்பார்கள். அவள் புருஷன் சுரங்கத் தூசியில் முன்பே போய்விட்டார். மகன் மதியழகன் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, குடித்தனமும் அங்கேதான். அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவளுக்கு அடுகோடியில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. கால் ஓடுகிற வரை ஓடட்டும் என்று இங்கேயே இருக்கிறாள்.

தாஸுக்கும் அதே தூசிதான். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்த பிறகும் அது நெஞ்சைவிட்டு வெளியே வரவில்லை. கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார். அந்த நாட்களில் அவருக்குத் துணை செல்போனில் கேட்கிற ஒரு தமிழ் ரேடியோ. அதிலும் இரவு எட்டு மணிக்கு வருகிற 'ராச்சாப்பாடு' என்ற நிகழ்ச்சியைத் தவற விடமாட்டார். அதில் ரகு என்பவர் பேசுவார். மெதுவான குரல், அவசரமே இருக்காது. "சாப்பிட்டாச்சா?" என்றுதான் தொடங்குவார். "நானும் இன்னும் சாப்பிடல. இந்தக் கண்ணாடி அறையில தனியா உக்காந்திருக்கேன். வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்பார். தாஸ் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி தம்பி, ஆரம்பி" என்பார்.

தாஸ் ஒரு ஜனவரியில் இறந்தார். ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. வழக்கப்படி வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சின்னத்தாய் தன் வீட்டில் சமைத்து, எவர்சில்வர் தூக்கில் ரசமும் சோறும் கொண்டுவந்து வைப்பாள். "ஒரு வாய் துண்ணுடி" என்பாள். ஜோசஃபின் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வேளைக்குச் சின்னத்தாய் அந்தத் தூக்கை எடுத்துப் போய், வேறு சூடாகக் கொண்டுவருவாள். இரண்டு நாள் இப்படியே போயிற்று.

அதற்கு அடுத்த நாள் இரவு, ஜெனிஃபர் பழக்கதோஷத்தில் அப்பாவின் போனில் ரேடியோவை வைத்துவிட்டாள். ரகு பேசினார். "யாரோ ஒருத்தர் சாப்பிடாம உக்காந்திருக்கீங்க. எனக்குத் தெரியும். பக்கத்துல என்ன இருக்கோ அதை எடுத்து ஒரு வாய் போடுங்க. நான் காத்திருக்கேன்." பிறகு பாட்டு வந்தது. ஜோசஃபின் கை நீட்டினாள். பக்கத்தில் மூடி வைத்திருந்த தூக்கைத் திறந்தாள். ஆறிப்போன ரசஞ்சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள். அன்றுதான் முதல்முறையாக அழுதாள்.

அந்தக் குரல் இல்லாவிட்டால் தானும் போய்ச் சேர்ந்திருப்போம் என்று அவள் உறுதியாக நம்பினாள். ஆண்டவர் குரலில்தான் வருவார் என்று எண்ணிக்கொள்வது நமக்குச் சுலபம். அவர் தூக்குச்சட்டியிலும் வருவார் என்பது அவ்வளவு சீக்கிரம் தோன்றுவதில்லை.

அடுத்த டிசம்பரில் அந்த ரேடியோ ஒரு போட்டி வைத்தது. அவர்களுடைய நான்கு அறிவிப்பாளர்களில் ஒருவரை உங்கள் வீட்டுக்கு இரவு விருந்துக்குக் கூப்பிடலாம். யாரைக் கூப்பிடுவீர்கள், ஏன் என்று சொல்லிக் குரலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிமெண்டுத் தளத்தில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது.

"யாமினியைக் கூப்பிடும்மா" என்றாள் ஜெனிஃபர். "காலையில ஆபீஸ் பஸ்ஸுல ரேடியோ கேட்டா எவ்ளோ சிரிக்க வெக்கிறா. இந்த ரகு வந்தா எல்லாரையும் அழ வெச்சிட்டுப் போவான்."

"யாமினி வந்தா நீ சிரிப்ப. சமைக்கப்போறவ நான்."

சின்னத்தாய் காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மூஞ்சி தெரியாத ஆளுக்கு விருந்தாடி? கொரலை மட்டும் வெச்சிக்கினு அவன் எத்தினி கரண்டி துண்ணுவான்னு எப்பிடிக் கண்டுபுடிப்பே?"

"கொரலைக் கேட்டாலே தெரியும்க்கா. நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான். 'சாப்ட்டியா, சாப்ட்டியா'ன்னு கேக்கறதுக்கு அவனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நான் நாப்பது வருசமா ஓசியிலே கேட்டுக்கினு கீறேன். என்னை எந்த ரேடியோக்காரனும் கூப்புடல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசஃபினும் சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னதில் இருந்ததை அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாரிகுப்பத்தில் இவர்கள் இருந்த லைன்களில், துக்கம் நடந்த வீட்டுக்கு யார் முதல் சோறு கொண்டுவந்தார்களோ, வருஷம் முடிகிற நாளில் அவர்களுக்குத்தான் முதல் இலை. சாமியார் வந்திருந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தாலும் அவர்களுக்கெல்லாம் இரண்டாவது இலைதான். இது எந்த மதத்தின் வழக்கமும் இல்லை. ஒரே கூண்டில் பூமிக்குள் இறங்கி ஏறியவர்களின் வீட்டு வழக்கம். சுரங்கம் மூடிய பிறகும் இரண்டு குடும்பமும் அதை விடவில்லை. சின்னத்தாய் புருஷனுக்கு வருஷம் வந்தபோது முதல் இலையில் உட்கார்ந்தது ஜோசஃபின்தான்.

தாஸுக்கு வருஷம் ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை வந்தது. ஜோசஃபின் மனசுக்குள் ஒரு யோசனை வைத்திருந்தாள். தன்னைச் சாப்பிட வைத்தது ரகு. அப்படியானால் முதல் சோறு அவர் கொடுத்த மாதிரிதானே? முதல் இலையை அவருக்குப் போட்டுவிட்டு, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்தால் போகிறது. அக்கா நம்ம மனுஷி, தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாள். நம்ம மனுஷி என்று நினைத்துவிட்டால் நாம் எதையும் கேட்டுச் செய்வதில்லை.

குரல் பதிவை ஒரே மூச்சில் பேசினாள். ஜெனிஃபர் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதை அனுப்பிவிட்டாள்.

போட்டியில் அவளுடைய பதிவுதான் ஜெயித்தது; ஒரு நாள் இரவு அது ஒலிபரப்பாயிற்று. அன்று தளத்தில் எல்லோரும் இருந்தார்கள். அவரைக்காய்ப் பருவம். சின்னத்தாய் ஊறவைத்த அவரைக்கொட்டையை விரலால் பிதுக்கித் தோலைத் தனியாகவும் பருப்பைத் தனியாகவும் போட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைக் குழம்புக்கு முன்னாலேயே கை பழக வேண்டும் என்று சொல்லி, ஒத்திகைக் குழம்பு ஒன்று வைக்க ஏற்பாடு. ஜெனிஃபர் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"நம்ம ராச்சாப்பாட்டுக்கு இன்னிக்கு ஒரு அம்மா பேசுறாங்க" என்றார் ரகு. பிறகு ஜோசஃபினின் குரல் வந்தது.

"என் வீட்டுக்காரர் தவறினப்ப யார் யாரோ சோறு கொண்டுவந்து குடுத்தாங்க தம்பி. ஒரு பருக்கை உள்ள எறங்கல. யார் சொல்லியும் கேக்கல. நீங்க சொன்னீங்க, சாப்பிட்டேன். எனக்கு அன்னிக்குச் சோறு போட்டது நீங்கதான். அவருக்கு வருசம் வர்ற வியாழக்கெழமை நீங்க எங்க வீட்டுல வந்து முதல் எலையில உக்காரணும்."

காம்பவுண்டே கை தட்டியது. கிருஷ்ணப்பா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் ஜோசஃபினம்மா, ஃபேமஸ் ஆயிட்டிங்களே! பாடிகே ஜாஸ்தி மாடலாமா?" என்றார். வாடகையைக் கூட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை.

சின்னத்தாய் மட்டும் தலை நிமிரவில்லை. மிச்சமிருந்த கொட்டை முழுவதையும் பிதுக்கினாள். கையைக் கழுவினாள். பருப்புக் கிண்ணத்தை ஜோசஃபின் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தினாள், சத்தம் வராமல்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கும்போது ஜோசஃபின் கேட்டாள். "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன்."

"பின்ன ஏன் மூஞ்சி இப்பிடிக் கெடக்குது?"

சின்னத்தாய் குடத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு ரேடியோக்காரன் சொன்னான், நீ துண்ணே. சரி. யார் வூட்டுச் சோறுடி அது?"

ஜோசஃபின் குழாயை மூடினாள்.

"யார் யாரோ குடுத்தாங்களாம். ஒரு பருக்கை எறங்கலையாம்." சின்னத்தாயின் குரல் உயரவில்லை. "எங்க ஆத்தா பக்கத்துத் தெருவுல ஒரு வூட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் குடுப்பா. வாங்கி வெப்பாங்க, சிரிச்சிக்கினே வெப்பாங்க. நாங்க திரும்பினதும் மாட்டுக்குப் போடுவாங்க. நான் சின்னப் புள்ளையில கண்ணால பாத்திருக்கேன். நீ அந்த மாதிரி இல்லைன்னுதான் இத்தினி வருசம் ஒன் வூட்டு வாசல்ல நின்னேன்."

"அக்கா, சத்தியமா, நான் சாப்ட்டது நீ கொண்டாந்த சோறுதான்க்கா. முழுசாச் சாப்ட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

"மறந்துட்டே. அதான் சொல்றேன்."

"முதல் எலை ஒனக்குத்தான்க்கா. அவர் ரெண்டாவதுல உக்காரட்டும்."

"ஊருக்கே சொல்லியாச்சு. இப்ப அவனை எழுப்பிட்டு என்னை ஒக்கார வெப்பியா? சும்மா கெட."

ஒருவர் செய்த நன்மையை மறப்பது குற்றம்தான். ஆனால் மறந்தது என்றாவது நினைவுக்கு வரும். வேறொருவர் பெயரில் வைத்துவிட்டால் நினைவுக்கும் வராது. ஜோசஃபின் அன்று வேலையில்லாமல் கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது ஒரு முடிவோடு வந்தாள். எதை எல்லோரும் கேட்கும்படி தப்பாகச் சொன்னாளோ, அதை எல்லோரும் கேட்கும்படி திருத்திச் சொல்லிவிடுவது. விருந்தை வீடியோ எடுப்பார்கள் என்று ஜெனிஃபர் சொல்லியிருந்தாள். அதில் சின்னத்தாயின் பெயரைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அக்கா எப்படி மறுப்பாள்?

வியாழக்கிழமை காலையில் தாஸுக்காகத் திருப்பலி நடந்தது. சின்னத்தாய் கோயிலுக்கு வந்தாள், பின்வரிசையில் நின்றாள், முடிந்ததும் போய்விட்டாள். மாலையில் அவள் வீடு பூட்டியிருந்தது. பீன்யாவுக்கு மகன் வீட்டுக்குப் போனதாக ஜெனிஃபர் சொன்னாள்.

ஏழரை மணிக்கு ரகு வந்தார். கூட இளங்கோவன் என்று ஒரு தயாரிப்பாளர், கேமராவோடு மமதா என்ற பெண். ரகு குரலைவிட வயதில் சின்னவராக இருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, தாஸின் படத்துக்கு முன் நின்று கும்பிட்டார். நல்ல பிள்ளைதான். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதை சுலபமாகிவிடும்.

ஜோசஃபின் வாழையிலை போட்டாள். சோறு, பிதுக்கம்பருப்புக் குழம்பு, கறி வறுவல், அப்பளம். இளங்கோவன் பையிலிருந்து ஒரு மசாலாப் பாக்கெட்டை எடுத்து இலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இது எதுக்குங்க? நான் வீட்டுல அரைச்சதுதான் போட்டிருக்கேன்."

"ஸ்பான்சர்மா. நிக்கட்டும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

ரகு ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். "பிரமாதம்மா" என்றார்.

"சார், லைட் இல்ல. ஒன்ஸ் மோர்" என்றாள் மமதா.

இன்னொரு கவளம். "பிரமாதம்மா."

மூன்றாவது கவளத்துக்குப் பிறகு இளங்கோவன் தலையாட்டினார். ரகு கையை இலைக்கு மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஜோசஃபின் இன்னொரு கரண்டிக் குழம்போடு வந்தாள்.

"போதும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் சாப்பிடறதில்ல. டாக்டர் சொல்லியிருக்கார், வயித்துல புண்."

"ஆறு மணிக்கு மேலயா? நீங்க எட்டு மணிக்குத்தானே…"

அப்போது எட்டு மணி ஆயிற்று. மாடியில் கிருஷ்ணப்பா வீட்டில் யாரோ ரேடியோவைப் போட்டார்கள். ஜன்னல் வழியாக அந்த மெதுவான குரல் இறங்கி வந்தது. "சாப்பிட்டாச்சா? நானும் இன்னும் சாப்பிடல. இந்தக் கண்ணாடி அறையில தனியா உக்காந்திருக்கேன்…"

ஜோசஃபின் மேலே பார்த்தாள். பிறகு எதிரில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

ரகு சங்கடமாகச் சிரித்தார். "அது திங்கக்கெழமையே பதிவு பண்ணிடுவோம்மா. ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாள்ல பேசிடுவேன். எல்லா ரேடியோவுலயும் இப்ப இப்படித்தான்."

"அப்ப அவர் போனப்ப… அன்னிக்கு நீங்க பேசினது?"

"அதுவும் அப்படித்தான் இருந்திருக்கும். உண்மையைச் சொன்னா, என்ன பேசினேன்னுகூட ஞாபகம் இல்லம்மா. யாராவது சாப்பிடாம இருப்பாங்கன்னு வாரத்துக்கு ஒரு தடவை சொல்லுவேன். யாராவது ஒருத்தர் இருப்பாங்க இல்லையா?"

அவர் பொய் சொல்லவில்லை. யாராவது ஒருத்தர் இருக்கத்தான் செய்தார். ஜோசஃபினுக்குக் கோபம்கூட வரவில்லை. படியிறங்கும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்து வெறும் தரையில் காலை ஊன்றிய மாதிரி இருந்தது. தாஸ் இரண்டு வருஷம் "சரி தம்பி, ஆரம்பி" என்று சொன்னது யாரிடம் என்று நினைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். அதை எடுங்க."

மமதா கேமராவைத் திருப்பினாள்.

"அன்னிக்குத் தம்பி சாப்பிடச் சொன்னார். ஆனா நான் சாப்ட்டது எங்க எதிர்வீட்டு அக்கா கொண்டாந்த சோறு. சின்னத்தாய்னு பேரு. வேளா வேளைக்குக் கொண்டாந்து, ஆறினதை எடுத்துட்டுச் சூடா வெச்சிக்கினே இருந்தாங்க. நான் அதைச் சொல்லாம விட்டுட்டேன். இந்த முதல் எலை அவங்களோடது."

சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மமதா கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ரகு எழுந்து, இலையை மூடி, கை கழுவிக்கொண்டார். போகும்போது, "ஒடம்பைப் பாத்துக்குங்கம்மா" என்றார்.

மறுநாள் காலை அந்த இலை குப்பை வண்டியில் போயிற்று. சோறு முக்கால்வாசி அப்படியே இருந்தது.

வீடியோ சனிக்கிழமை வந்தது. ஜெனிஃபர் போனை நீட்டினாள். ரகு கும்பிடுவது, குழம்பு கொதிப்பது, மசாலாப் பாக்கெட், "பிரமாதம்மா". பிறகு ஜோசஃபின் அழுவது. அழுகிற முகம் முழுத் திரைக்கும் இருந்தது. பேச்சு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு புல்லாங்குழல். கீழே எழுத்து: 'ஒரு குரல் கொடுத்த சோறு.'

"நான் பேசினது எங்கடி?"

ஜெனிஃபர் இளங்கோவனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "அம்மா ரொம்ப நல்லாத்தான் பேசினாங்க சிஸ்டர். ஆனா அதை வெச்சா கதை ரெண்டாப் பிரிஞ்சிடும். பார்க்கிறவங்களுக்கு யாரு ஹீரோன்னு குழப்பமாயிடும்."

"அதை மட்டும் தனியாப் போடலாம்ல?" என்றாள் ஜெனிஃபர். "சின்னத்தாய் பெரியம்மா பேரு ஒரு தடவை வந்தாப் போதும்."

"பாக்கறோம் சிஸ்டர்" என்றார். அதன் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை.

காம்பவுண்டில் எல்லோரும் வீடியோவைப் பார்த்தார்கள். சின்னத்தாயும் பார்த்திருக்க வேண்டும். பீன்யாவிலிருந்து திரும்பிய அன்று எதிரில் வந்தவள், "நல்லா வந்துகீது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"நான் சொன்னேன்க்கா. அவங்க வெட்டிட்டாங்க. ஜெனிஃபரைக் கேளு."

"சொல்லியிருப்பே. நான் இல்லைன்னா சொன்னேன்?"

நம்பவில்லை என்று சொல்லியிருந்தால்கூட ஜோசஃபின் வாதாடியிருப்பாள். நம்புகிற மாதிரி ஒரு முகத்தோடு வாதாட முடியாது.

அடுத்த ஞாயிறு ஜோசஃபின் மறுபடியும் அதே குழம்பு வைத்து, அதே வறுவல் செய்து, தூக்கில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் நின்றாள். சின்னத்தாய் வாங்கிக்கொண்டாள்.

"இப்ப சாப்புடுக்கா. நான் இங்கேயே ஒக்காந்திருக்கேன்."

"வெச்சிட்டுப் போ. அப்புறம் துண்ணுக்கறேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மாலையில் தூக்கு கழுவித் துடைத்து வாசலில் வந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஜோசஃபின் அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். சோப்பு வாசனைதான் வந்தது. சாப்பிட்டாளா, கொட்டினாளா? அதைக் கேட்கிற உரிமை போய்விட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. கொடுத்த சோறு என்னவாயிற்று என்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதும் புரிந்தது. உள்ளே போய்த் தூக்கை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். அதன்பிறகு அந்த வாசலுக்கு எதையும் கொண்டுபோகவில்லை.

மார்ச்சில் வெயில் ஏறியது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்த தண்ணீர் வாரத்துக்கு இரண்டு முறை ஆயிற்று. அதுவும் காலை எட்டு மணிக்கு மேல்தான். சின்னத்தாய்க்கு அலுவலகத்தில் காலை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீர் வருவதற்கு முன்பே அவள் பஸ் ஏறியாக வேண்டும். முன்பென்றால், "ஏய் ஜோசி, என் டிரம்மை ரொப்பி வை" என்று கத்திவிட்டுப் போவாள். இப்போது கேட்கவில்லை. வேறு யாரையும் கேட்கிற குணமும் அவளுக்கு இல்லை. வேலை முடிந்து வந்து, தெருமுனையில் லாரி நின்றால் அங்கே இரண்டு குடம் பிடித்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வருவாள். முழங்கால் மடங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பதை ஜோசஃபின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

குழாயில் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. ஜோசஃபினுடையது இரண்டாவது. அவள் அதைக் கடைசி வீட்டுக்காரியோடு மாற்றிக்கொண்டாள். "காலையில செபமாலை முடிய நேரமாவுது" என்றாள். கடைசி முறை வரும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், பெரியவர்கள் வேலைக்கும் போயிருப்பார்கள். கிருஷ்ணப்பா மாடியில் பூஜையில் இருப்பார். தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருக்கும்.

அவள் முதலில் எதிர்வீட்டு வாசலில் இருக்கும் நீல டிரம்மை நிரப்பினாள். மிச்சம் வருவதைத் தன் வீட்டுக்குப் பிடித்தாள்.

"ஏம்மா நம்ம டிரம்மு பாதிதான் இருக்கு?" என்று ஜெனிஃபர் கேட்டாள்.

"தண்ணி கம்மியா வருதுடி."

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, தளத்தில் சின்னத்தாயின் குரல் கேட்டது. மாடியை அண்ணாந்து பார்த்துக் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். ஓனர் பெரிய மனசு பண்ணித் தனக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறார், அவர் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னாள். கிருஷ்ணப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தன்னை ஒருவர் வாழ்த்துவது அவருக்கு அபூர்வமாக நடப்பது. "இர்லி பிடு, சின்னத்தாயம்மா" என்று, இருக்கட்டும் விடு என்கிற மாதிரி பெருந்தன்மையாகக் கையை ஆட்டினார்.

ஜோசஃபின் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து வாசலுக்கு வந்து, "நான்தான்க்கா" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அன்றோடு அந்த டிரம் வாசலிலிருந்து வீட்டுக்குள் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தனக்கு வர வேண்டிய பேர் வேறு இடத்தில் போய்ச் சேருவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படித்தான் இருந்திருக்கும் அக்காவுக்கு, அன்று ரேடியோவைக் கேட்டபடி கொட்டையைப் பிதுக்கியபோது. கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தாள்.

அடுத்த தண்ணீர் நாள் காலையில் எல்லோரும் போகும் வரை காத்திருந்தாள். குடத்தில் பிடித்துக் கொண்டுபோய், சின்னத்தாயின் டிரம்மை விளிம்பு வரை நிரப்பினாள். மூடியை, அவள் வைத்திருந்தபடியே, பிடி சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். வாசலில் சிந்தியிருந்த தண்ணீரையும், தன் ஈரக்கால் பதிந்த இடங்களையும் பழந்துணியால் துடைத்தாள். பிறகு தன் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். தண்ணீர் நின்றிருந்தது.